கிளாம்பின் மேல் ஒரு சிவப்புக் கோடு

பாஸ்கர் இறந்த செய்தி அலுவலக ஷட்டிலில், சிறுசேரியை நெருங்கும்போது வந்தது. அவன் மனைவி கல்பனாவின் எண். பேசியது அவளுடைய அண்ணன். நெம்மேலி தாண்டி ஈசிஆர் ஓரத்தில் கார் நின்றிருக்கிறது, உள்ளே பாஸ்கர். மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு அந்த அண்ணன் விட்டிருக்கலாம். “டர்போ பைப்ப வூட்லயே மாட்டிக்கினானே, அது கழண்டு வண்டி நின்னுருக்கும். அந்தப் பதட்டம்தான் ஆளயே சாச்சிடுச்சு” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

அலுவலக நண்பர்களே, அவனைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். யார் கார் வாங்கினாலும் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வான். மதியச் சாப்பாட்டு மேசையில் டர்போ டர்போ என்று நம் காதைத் தின்றவன். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து எஞ்சினுக்கு அதைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பைப்பைக் கழற்றிவிட்டு அலுமினிய பைப் போட வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. நாம் கிண்டல் செய்தோம். கல்பனா அவன் பிறந்தநாளுக்கு அதை வாங்கியே கொடுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்போரூரில் அவன் வீட்டு போர்டிகோவில் மாட்டினோம். டார்ச் பிடிக்கப் போன என்னை முழங்கை வரை கிரீஸாக்கிவிட்டான். புதுப் பைப்பின் மேல் ரப்பர் குழாய் ஏறவே இல்லை. “கல்பனா, தேங்கா எண்ண எட்தா” என்றான். தடவியதும் வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓஎம்ஆரில் ஏறி அழுத்தினான். பானெட்டுக்குள் ‘டப்’. ஏற்றிவிட்ட எண்ணெயே குழாயை இறக்கியும் விட்டது. வண்டி இழுக்காமல் நொண்டிக்கொண்டே வீடு வந்தது. நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய் போகத் தேய்த்துக் காயவைத்து மறுபடி மாட்டினான். ரப்பர் குழாயைப் பைப்போடு இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளாக நான்கு கிளாம்புகள். ஒன்றை நான் இறுக்கினேன். பிறகு, “கல்பனா, உன் நெயில் பாலிஷ் எங்க கீது?” என்று கேட்டான்.

“இன்னா, இப்ப நகத்துக்கு வேற பூசிக்கப் போறியா?”

பூசவில்லை. ஒவ்வொரு கிளாம்பிலும் நட்டின் தலையிலிருந்து பட்டை வரை நேராக ஒரு சிவப்புக் கோடு இழுத்தான். “நட்டு துளி திரும்புனாலும் கோடு ஒடிஞ்சிடும் மச்சான். டைட் பண்ணா மட்டும் போதாது. நாளைக்கு வேற ஒருத்தன் வந்து பாத்தாலும் தெரியணும்.”

இவ்வளவு பாடுபட்டவன் அதற்குப் பிறகு அறுபதைத் தாண்டவே இல்லை. மகாபலிபுரம் போகும்போது ஷேர் ஆட்டோகூட எங்களை முந்தியது. கேட்டால், “ஸ்ட்ராங்கா கீதுன்னு தெரியுதுல்ல, போதும்” என்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் போனேன். இழுவை வண்டியில் வந்த கார் போர்டிகோவில் அப்படியே நின்றது. யாரும் தொட்டிருக்கவில்லை. கல்பனா என்னை அதன் பக்கத்திலேயே நிறுத்திவிட்டாள்.

“அண்ணா, நாந்தான வாங்கிக் குடுத்தேன். முன்னாடி ஒரு தபா கழண்டுச்சே. உண்மைய சொல்லு.”

டாக்டர் சொன்னதை அவளும் கேட்டவள்தான். அதையே நான் திருப்பிச் சொல்லி என்ன பிரயோஜனம்? பானெட்டைத் திறந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதில் ஒன்று நான் இறுக்கியது.

பைப் முழுக்கக் கடற்கரை மணல் தூசி. கைக்குட்டையால் துடைத்தேன். முதல் கோடு நேராக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான் இறுக்கிய நான்காவது. எதுவும் மயிரிழை கூட விலகவில்லை. கல்பனா ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தாள்.

“கழலலண்ணா” என்றாள். அப்புறம் பானெட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அந்த நெயில் பாலிஷ் பாட்டில் அவளிடமே இருக்கிறது. எனக்கு அவன் சொன்ன வார்த்தை போதும். எந்த வேலையை முடித்தாலும், நான் இல்லாதபோது இதைப் பார்ப்பவருக்குத் தெரியுமா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

பாஸ்கர், நீ சொன்ன அந்த வேறொருத்தன் நான்தான். வந்து பார்த்தேன். தெரிந்தது.