லேசருக்கு வைத்த மஞ்சள் பொட்டு

அந்த மஞ்சள் பொட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்குக் கடை. நைட்ரேட் உப்பின் மேல் ஒளி பட்டால் கசியும் நைட்ரஜன் டைஆக்சைடை அளப்பது என் வேலை. நூறு கோடி மூலக்கூறுகளில் அது ஒன்றிரண்டுதான் இருக்கும். நீல லேசரைக் கண்ணாடி ஜன்னல் வழியாக இருட்டுக் குழாய்க்குள் விட்டால் அந்த வாயு மினுங்கும். மினுக்கத்தை எண்ணினால் அளவு தெரியும். ஒவ்வொரு முறையும் முதலில் சுத்தமான காற்றை மட்டும் விட்டு, வெறும் குழாய் எவ்வளவு மினுங்குகிறது என்று பார்த்துக் கழிக்க வேண்டும். பூஜ்யம் பார்ப்பது என்போம்.

சரஸ்வதி பூஜையன்று என் வழிகாட்டி, கோட்டை அக்ரஹாரத்துப் பேராசிரியர், மஞ்சளைக் குழைத்து வந்து அந்த ஜன்னலிலேயே பொட்டு வைத்தார். அவ்வளவு பெரிய கருவியில் அவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

"ஜன்னல்ல வேண்டாம் சார்" என்றேன்.

"முகத்துல வெக்காம முதுகுலயா வெப்பா?" என்று சிரித்தார். விஜயதசமி முடிந்ததும் கைக்குட்டையால் அவரே துடைத்தார்.

"பூஜ்யம் பார்த்துடட்டுமா சார்?"

"போன வாரம் பார்த்தது போறும். கருத்தரங்குக்கு ரெண்டு நாள்தான் இருக்கு, கேட்டோ."

பூஜ்யம் பார்க்காமலே அளக்கத் தொடங்கினேன். அது என் தப்பு. எண்கள் எகிறின. யாரும் எதிர்பாராத அளவு வாயு! கருத்தரங்கில் அவருக்குக் கைதட்டல். என் ஆய்வேட்டின் பெரிய அத்தியாயமே அதுதான்.

மனசு கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் அவரைப் பக்கத்தில் நிறுத்தி வெறும் காற்றை விட்டேன். வாயுவே இல்லை, திரையில் ஏறக்குறைய அதே எண். மெத்தனாலில் நனைத்த தாளால் ஜன்னலைத் துடைத்தேன். தாளில் மெல்லிய மஞ்சள். எண் சடாரென்று விழுந்தது. நீல ஒளி பட்டால் மஞ்சளும் மினுங்கும்; நாங்கள் ஊருக்கெல்லாம் காட்டியது அந்த மினுக்கத்தை.

"சாலைத் தெருப் பொண்களெல்லாம் மஞ்சள் பூசிக் குளிப்பேளே. உன் கைதான் பட்டிருக்கும்" என்றார்.

"பொட்டு வெச்சது நீங்க சார்!" கத்தியே விட்டேன்.

அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். அளவு தவறு என்று கருத்தரங்குக்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. அவர் போட மறுத்துவிட்டார்.

அடுத்த வருடமும் பூஜைக்குக் கிண்ணத்தோடு வந்தார். ஜன்னலை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன். "கையை எடு" என்றார். எடுக்கவில்லை. என் புறங்கையிலேயே பொட்டை வைத்துவிட்டுப் போனார்.

பூஜைக்கு வைத்த கருவியை விஜயதசமி வரை ஓட்டக் கூடாது என்பார்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, அன்றைக்கே பூஜ்யம் பார்த்தேன்.