கடைசியில் ஒய் இல்லை, ஐ

தம்புசாமி லோரி ஓட்டிய காலத்தில் எதற்கும் பயந்த ஆள் இல்லை. காராக் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட, பக்கத்தில் இருந்தவன் சாமி பெயரைச் சொல்லி அலறிக்கொண்டிருக்க, இவர் கியரை மாற்றி மாற்றியே வண்டியைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். அப்படிப்பட்ட மனிதர் ஆபீஸ் கவுண்டர் என்றால் மட்டும் நடுங்கிவிடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, "நாமா?" என்று மலாயில் பெயரைக் கேட்டுவிட்டால் போதும், அவருக்குச் சொந்தப் பெயரே தொண்டையில் சிக்கிக்கொள்ளும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவர். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். அவை கூட்டம் சேர்ந்து நின்றால் பிடிக்காது.

அதற்கெல்லாம் சீதாலெட்சுமி இருந்தாள். கிளினிக்கோ, வங்கியோ, மின்சார பில்லோ, எந்தக் கவுண்டராக இருந்தாலும் அவள்தான் முன்னால் போவாள். போகும்போது கைப்பையைக் கழற்றி அவரிடம் நீட்டுவாள். "இதப் பிடிங்க. நான் பேசுறேன்." அவர் அந்தப் பெண்பிள்ளைப் பையை மார்போடு அணைத்தபடி இரண்டடி தள்ளி நிற்பார். லோரிக்காரக் கூட்டாளிகள் இதைப் பார்த்துக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அவருக்கு அதில் வெட்கமும் இல்லை.

அவள் பெயரே ஒரு தொல்லை பிடித்த பெயர். பிறப்பைப் பதிந்த யாரோ ஒரு குமாஸ்தா தன் காதில் விழுந்ததை அப்படியே எழுதித் தொலைத்துவிட்டார். ஐசி என்கிற அடையாள அட்டையிலும் அதேதான். கவுண்டரில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி எழுதுவார்கள், பிறகு ஐசியோடு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால் அவர்கள் கேட்பதற்கு முன்பே அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிடுவாள். சொல்லிச் சொல்லி அது ஒரு ராகமாகவே ஆகிவிட்டது.

இரண்டு வருடமாக சீதாலெட்சுமிக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. முதலில் அடுப்பை மறந்தாள். அப்புறம் பக்கத்து வீட்டு ரமணியை மறந்தாள். சில நாள் காலையில் கணவரையே, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவளைப் பார்த்துக்கொள்ள அவர் மட்டும்தான்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் போன் கடை வைத்திருக்கும் ஜாபர் அலி ஒரு வழி சொன்னார். ராமநாதபுரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு டேக்கைக் கொடுத்து, அதை அவள் கைப்பை உறைக்குள் வைத்துத் தைக்கச் சொன்னார். பை எங்கே போனாலும் தம்புசாமியின் போனில் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். பையை விட்டு அவள் ஒருபோதும் நகரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அன்றிரவுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு ஸ்கேம் கால். உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வங்கிக் கணக்கு நம்பர் சொல்லுங்கள் என்று ஒருவன் மிரட்டினான். தம்புசாமி போனைத் துண்டித்துவிட்டு ரமணியிடம் ஓடினார். ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று பாஸ்வேர்ட் வைத்தால் வேறென்ன நடக்கும் என்று ரமணி பிடித்துக் காய்ச்சிவிட்டாள். தம்புசாமி அன்றைக்கே ஜாபர் கடைக்குப் போய், எவனும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்ட் வைக்க வேண்டும், திருடன் கையில் போனால் போன் தானே எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று அடம்பிடித்தார். ஜாபர் அதற்குரிய செட்டிங்கைப் போட்டுக் கொடுத்து, பாஸ்வேர்டைத் தனியாக உட்கார்ந்து போடச் சொன்னார். தம்புசாமி வீட்டுக்கு வந்து, மனைவியின் ஐசியை மேசைமேல் வைத்து, அதில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தார். அதன் பிறகு விரலை வைத்தாலே போன் திறந்தது. அந்த எழுத்துகளை அவர் திரும்ப நினைக்கவே இல்லை.

இன்றைக்குக் காலை ரொட்டி வாங்கிக்கொண்டு மேலே வந்தவர், இரும்புக் கேட் திறந்து கிடப்பதைப் பார்த்தார். வீட்டில் அவள் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த கைப்பையும் இல்லை. சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்த போனை அவசரமாகக் கம்பியில் சொருகினார். உயிர் வந்த போன், விரல் போதாது, பாஸ்வேர்டைப் போடு என்றது.

அவர் போட்டார். தவறு என்றது. வேறு மாதிரி போட்டார். அதுவும் தவறு. பார்த்து எழுத ஐசி இல்லை, அது அந்தப் பையில்தான் இருந்தது. மற்ற பத்திரங்கள் இருந்த பீரோவின் சாவியை அவள் எங்கேயோ ஒளித்து வைத்து மாதக் கணக்காகிறது. ரமணியோடு போன போலீஸ் ஸ்டேஷனில் நல்லபடியாகத்தான் கேட்டார்கள். போட்டோ இருக்கிறதா என்றார்கள். "போன்ல இருக்கு சார்," என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. ரமணி கோயில் பக்கமும் பாசார் பக்கமும் தேடப் போனாள். தம்புசாமி ஜாபர் கடைக்கு ஓடினார்.

போனை வாங்கிப் பார்த்ததும் ஜாபரின் முகம் மாறியது.

"எத்தன தடவ போட்டீங்கண்ணே?"

"எண்ணலப்பா. நெறைய."

"இன்னும் ரெண்டு தடவ தப்பாப் போட்டா மொத்தமும் அழிஞ்சிரும். அன்னைக்கு நீங்கதானே கேட்டீங்க."

"அப்ப அந்தப் புள்ளி?"

"அதும் போயிரும். டேக்கு இந்தப் போன மட்டும்தான் நம்பும்."

ஜாபர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். கடை கம்ப்யூட்டர் வழியாக உள்ளே போக முடியுமா என்று முயன்றார். நீங்கள்தானா என்று உறுதி செய்ய உங்கள் போனைத் திறந்து 'ஆம்' என்று அழுத்துங்கள் என்றது அது. ஜாபர் திரையைப் பார்த்து வாய்க்குள் ஏதோ திட்டினார்.

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிற்பகல் மழை இன்று சீக்கிரமே வந்துவிடும் போலிருந்தது. தம்புசாமியின் மனம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் எப்படி ஏறும் என்று அவருக்குத் தெரியும். சிவப்பு விளக்கை மதிக்காத மோட்டார் சைக்கிள்களையும் தெரியும். அவள் இனிப்பு நீர் நோய்க்காரி, காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. யாராவது பையைப் பறிக்க வந்தால் விடமாட்டாள், விழுந்தாலும் விடமாட்டாள். இதையெல்லாம் நினைக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நினைப்பு கேட்டால்தானே.

"அண்ணே, அக்கா பேருதானே போட்டீங்க? ஐசில எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் யோசிங்க."

"சீத்தான்னு ரெண்டு இ போட்டேன், இல்லங்குது. எச் போட்டேன், இல்லங்குது. லெட்சுமிய எப்படியெல்லாம் எழுதலாமோ எல்லாம் எழுதிட்டேன் ஜாபர். பார்த்து அடிச்சவன்தானே நான். மண்டையில ஏத்திக்கலயே."

மழை விழத் தொடங்கியபோது ஒருவர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். பழுதுபார்க்கக் கொடுத்த போனைக் கேட்டார். ஜாபர் சீட்டுகளைப் புரட்டி, என்ன பெயரில் கொடுத்தீர்கள் என்றார்.

"பக்தவத்சலம்லா. எல்லாரும் தப்பாத்தான் எழுதுவீங்க, நானே சொல்றேன். பி, ஏ, கே, டி, எச்..."

அவர் சலிப்போடு ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொல்ல, தம்புசாமி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை கவுண்டர், எத்தனை வருடம். பையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நின்று அவர் கேட்டுக்கொண்டே இருந்த குரல் அது. எழுத்துகளை அவர் கண் வைத்துக்கொள்ளவில்லை. காது வைத்திருந்தது.

"ஜாபர், நீ அடி. நான் சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொல்லும் வேகத்திலேயே, அவள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, சத்தமாகச் சொன்னார்.

"எஸ், ஐ, டி, ஏ. எச் கிடையாது. எல், இ, சி, எச், ஐ. எம், ஐ. கடைசியில ஒய் இல்ல, ஐ."

ஜாபர் அடித்து முடித்து ஒரு கணம் தயங்கினார். "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து அழுத்தினார். போன் திறந்தது. குடைக்காரர் என்ன ஏது என்று தெரியாமலே "நல்லது" என்றார்.

புள்ளி கிள்ளானில் இருந்தது. கிள்ளான் ரயில் நிலையத்தின் மேலேயே அசையாமல் நின்றது. அவள் பிறந்து வளர்ந்த ஊர். பயண அட்டை பையில் இருக்கிறது. செண்ட்ரல் நிலையம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அவளாகவே ஏறிப் போயிருக்கிறாள். போன் திறந்த சந்தோஷம் தம்புசாமிக்கு ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. புள்ளி காட்டுவது பையை. ஆளை இல்லை. யாரும் இல்லாத பெஞ்சில் பை மட்டும் கிடந்தாலும் புள்ளி இப்படித்தான் நிற்கும்.

"மழைக்கு ரோடு ஜாம் ஆயிரும். ரயில்லயே போங்கண்ணே," என்றார் ஜாபர். "போலீசுக்கும் உங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நான் சொல்லிர்றேன்."

அவருடைய அட்டையும் அந்தப் பையில்தான். நிலையத்தில் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றபோது வழக்கம்போல் இரண்டடி பின்வாங்கப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டது. "கிள்ளான். சத்து," என்று மலாயில் ஒரு டிக்கெட் கேட்டார். வந்துவிட்டது வார்த்தை. இந்த அறுபது சொச்சம் வயதில் கவுண்டரில் அவர் தனியாகப் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

வழியெல்லாம் போனைக் கையிலேயே பிடித்திருந்தார். திரை அணையப் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரலால் தொட்டு எழுப்பினார், மறுபடி பூட்டிக்கொள்ளுமோ என்று பயம். புள்ளி அசையவில்லை. அசையாதே என்று ஒரு முறை வேண்டினார், அசைந்து காட்டேன் என்று மறுமுறை வேண்டினார். பத்துமலையானுக்கு என்ன நேர்ந்துகொண்டோம் என்பதுகூட அவருக்கு அப்புறம் நினைவில்லை.

கிள்ளானில் இறங்கியதும் பிளாட்பார பெஞ்சுகளைத்தான் முதலில் பார்த்தார். எல்லாம் காலி. ஓட்டமும் நடையுமாக வாசல் பக்கம் வந்தார்.

டிக்கெட் கவுண்டர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சீதாலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் யாரோ வாங்கிக் கொடுத்த மைலோ பாதி குடித்தபடி இருந்தது.

"சீதா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாடகை வீட்டுப் பார்வை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே," என்றாள். "எங்க வீட்டுக்காரர் வருவாரு. அவருக்குக் கவுண்டர்ல பேச பயம். நான்தான் பேசணும்."

தம்புசாமி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்போது உள்ளே இருந்த மலாய் அதிகாரி எழுந்து வந்தார். இந்த ஆன்டி காலையிலிருந்து இங்கேயே இருக்கிறார், பையைத் தொடவிடவில்லை, பெயரும் சொல்லவில்லை என்றார். நீங்கள் யார் என்று கேட்டார். கணவன் என்றார் தம்புசாமி. அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அதிகாரியின் முகம் இறுகியது. குற்றம் சொல்ல முடியாது, யார் என்றே தெரியாத ஆளோடு ஒரு பெண்ணை எப்படி அனுப்புவார்? அவர் உள்ளே திரும்பிப் போய்ப் பேனாவை எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, மனைவியின் பெயரைச் சொல்லுங்கள், எழுத்தெழுத்தாக, போலீசில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

போனைக் காட்டலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடப் பயமும் ஒன்றாகச் சேர்ந்து நாக்கில் வந்து உட்கார்ந்தது. கடைக்குள் கண்ணை மூடிச் சொன்னதெல்லாம் கலைந்துபோயிற்று.

"எஸ்," என்றார். "ஐ. டி... ஏ. எல், இ, சி, எச், ஐ. எம்..." அதோடு நின்றுவிட்டார். அதிகாரி காத்திருந்தார். "ஒய்," என்றார் தம்புசாமி.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஒய் இல்ல, ஐ," என்றாள் சீதாலெட்சுமி. எழுந்து வந்துவிட்டாள். அவரை முழங்கையால் இடித்து ஒதுக்கிவிட்டுக் கவுண்டருக்கு முன்னால் நின்றாள். தோளிலிருந்து பையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே அவர் பக்கம் நீட்டினாள்.

"இதப் பிடிங்க. நான் பேசுறேன்."

தம்புசாமி பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றார்.