சிலந்திக்குத் தன் பேர் வேண்டாம் என்றவள்

கல்லை உடைத்துவிட்டு ஓடிப்போனாள் என்கிறீர்களே, உடைந்த கல்லைப் பார்த்தது யார்? புத்தூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஸ்ரீதேவி சொன்னாளாம். அவளுக்கு யார் சொன்னது? கிருஷ்ணப்பா மகள் தாட்சாயணி எதையும் உடைக்கவில்லை. உடைக்கத் தோன்றியது, அது உண்மை. தோன்றியதற்கெல்லாம் கேஸ் போட்டால் இந்தத் தெருவில் யார் மிஞ்சுவார்கள்?

அவள் திருப்பதியில் சிலந்தி படித்தாள். உயிரோடு இருக்கிற சிலந்தி இல்லை. குஜராத்தில் நிலக்கரி வெட்டுகிற சுரங்கத்தில் மரப்பிசின் கல்லாகிக் கிடக்கும், தேன் நிறத்தில். அம்பர் என்பார்கள். மனிதப் பூண்டே இல்லாத காலத்தில் அந்தப் பிசினில் மாட்டிய சிலந்தி, முடிகூட உதிராமல் அப்படியே இருக்கும். இன்று உலகத்தில் எங்கும் இல்லாத இனம் ஒன்றை அதற்குள் முதலில் கண்டவள் தாட்சாயணி. அதன் கண்கள் உட்கார்ந்திருக்கிற வரிசையை வரைந்து வரைந்து அவள் கண்ணே உள்ளே போய்விட்டது. கூலிக்குப் போன குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. ஒரு புது உயிருக்குப் பேர் வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று இருந்தாள்.

ஆனால் அவள் கண்ட சிலந்தி குட்டி. ஆண் சிலந்திக்கு முகத்தின் பக்கத்தில் இரண்டு சின்னக் கைகள் உண்டு. வளர்ந்த பிறகுதான் நுனி உருண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை வைத்துத்தான் இனம் புதுசா பழசா என்று முடிவு செய்வார்கள். நாம் பிள்ளை பிறந்த கையோடு பேர் வைக்கிறோம். சிலந்தி படிக்கிறவர்கள் வழக்கத்தில் குட்டிக்குப் பேர் கிடையாது.

அப்போதுதான் அதே படிப்புக்கு ஸ்வர்ணலதா வந்து சேர்ந்தாள். சித்தூர்க்காரி, வயதில் சின்னவள். இருவருக்கும் பாடம் சொல்கிற ஆதிநாராயணன் சார், சுரங்கத்திலிருந்து வந்த கல்லை ஆளுக்கொரு பிடி அள்ளிக் கொடுத்தார். அவள் பிடியில் அதே இனம், வளர்ந்த ஆண்.

"அக்கா, இதுவும் உங்க சிலந்தி மாதிரியே கீதுல்ல?"

முதலில் கண்டது தாட்சாயணி, பேர் வைக்கப்போவது அவள். அன்றைக்கு மெஸ்ஸில் தாட்சாயணிக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு ஸ்வர்ணலதா சிரித்தால் எரிச்சல், மல்லிகை வைத்தால் எரிச்சல், அவள் எழுந்துபோன நாற்காலி சூடாக இருந்தால்கூட எரிச்சல்.

கல் மங்கலாக இருந்தது. தேய்த்தால்தான் சிலந்தியின் அந்தச் சின்னக் கை தெரியும். தேய்ப்பதில் தாட்சாயணியை விட்டால் ஆளில்லை, சார் அவளிடமே கொடுத்துவிட்டார். ஈரமான உப்புத்தாள்மேல் கல்லை வட்டமாகச் சுற்றுவாள், துடைப்பாள், பார்ப்பாள். முறுக்கு நுனி மயிரிழை ஆழத்துக்கு வந்து நின்றது. இன்னும் ஒரு சுற்று சுற்றினால் நுனி மாவாகிப் போகும். ஸ்வர்ணலதாவும் பேரில்லாத சிலந்தியோடு உட்கார வேண்டியதுதான். கேட்டால், கை தவறிவிட்டது. கல் தாளின்மேல், விரல் கல்லின்மேல்.

கல்லைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள். நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். அந்த முறுக்கை அத்தனை பக்கத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அழிக்கக் கை வரவில்லை. கழுவித் துடைத்து ஸ்வர்ணலதாவின் மேசையில் வைத்தாள்.

பார்த்ததும் அந்தப் பெண் குதித்தாள். "அக்கா! இதுக்கு உங்க பேரே வெச்சிடலாம். சாரும் பாகுந்தம்மா, நல்லாகீதுன்னாரு."

"கட்டுரை எழுதுனவங்கள்ல நானு?"

ஸ்வர்ணலதா தலையைச் சொறிந்தாள். புது இனத்துக்குப் பேர் வைத்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் தங்கள் பேரையே அதற்கு வைத்துக்கொள்வது அங்கே மானக்கேடு. சிலந்திக்குத் தாட்சாயணி பேர் என்றால் எழுதினவர்களில் அவள் இருக்க முடியாது.

"கடைசில நன்றின்னு போடுவோம்க்கா."

"செத்த சிலந்திக்குப் பேரா கெடக்கவா படிச்சேன்? பேரு வெக்கறவளா இருக்கணும்டீ."

"எனக்கு யாராச்சும் அப்படி வெச்சா ஊரு பூரா சாக்லெட் குடுப்பேன்க்கா."

"குடு. யாரு வேணான்னா?"

தான் வரைந்த குட்டியின் படங்களையும் கட்டுரையில் சேர்த்து, ஸ்வர்ணலதாவுக்கு அடுத்ததாகத் தன் பேரைப் போட வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். சிலந்திக்குச் சுரங்கம் இருக்கிற ஊரின் பேரை வைத்தார்கள். கட்டுரை வெளியான அன்று இனிப்பு கொடுத்தார்கள். அவள் தொடவில்லை.

அதோடு திருப்பதிக்குப் போவதை நிறுத்தினாள். சில நாளில் வீட்டில் பையைக் கட்டினாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் கிருஷ்ணப்பா.

"குஜராத்து, நைனா. சுரங்கத்துலயே கல்லு பொறுக்கற வேலை."

"அந்தக் கல்லுதான் திருப்பதிக்கே வருதே?"

"சார் அள்ளிக் குடுக்கற பிடில எது வரும்னு பாத்துக்கினு ஒக்காரணுமா? என் கையால எடுக்கறேன்."

"அந்தப் பொண்ணு மேல இன்னும் பொறாமையாம்மா?"

"ஆமா நைனா." செருப்பை மாட்டினாள்.

வாசலில் ஸ்வர்ணலதா ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள், ரேணிகுண்டா ஸ்டேஷனில் விடுவதற்காம். தலை நிறைய மல்லிகை.

"ஏறுங்கக்கா, ரயிலுக்கு நேரமாவுது."

தாட்சாயணி தெருவைப் பார்த்தாள், ஆட்டோ எதுவும் இல்லை. படியிறங்கி, பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஏறினாள்.