இலக்கத்துக்கு முன்னால் ஓர் எழுத்து

அந்த இசையமைப்பாளர் இத்தாலியில் பிறந்து ஸ்பெயின் அரண்மனையில் வாழ்ந்தவர். பியானோ போன்ற வாத்தியங்களுக்கு ஐந்நூறு உருப்படிக்கு மேல் எழுதினார். அநேகமாக எல்லாவற்றுக்கும் சொனாட்டா என்ற ஒரே பெயர்தான். எந்தச் சொனாட்டா என்று சொல்ல வேண்டுமானால் இலக்கம் வேண்டும். அறுபதுகளின் நடுவில், மட்டக்களப்பில், அப்படி ஓர் இலக்கத்தால் என் தங்கைக்கு வரவிருந்த வேலை போகப் பார்த்தது. காரணம் நான்.

தங்கை லண்டன் பியானோப் பரீட்சையின் கடைசி வகுப்புக்குத் தோற்றவிருந்தாள். பரீட்சகர் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் எங்கள் ஊருக்கு வருவார். தேறினால் ஜனவரியில் கொன்வென்டில் சங்கீத ரீச்சர் வேலை என்று அதன் தலைவியான மதர் சொல்லியிருந்தார். தவறினால் அது வேறொருவருக்கு.

அவளுக்குப் பியானோ படிப்பித்தவர் புளியந்தீவில் இருந்த பறங்கிப் பெண்மணி. பாடத்திட்டத்தின் தட்டச்சுப் பிரதி ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அதில் சொனாட்டா என்ற சொல், அதன் பின் எல் என்ற ஆங்கில எழுத்து, பிறகு இலக்கம். எல் என்றால் லண்டன் என்று நான் தீர்மானித்துவிட்டேன். நூலகத்துச் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரையின் முதற்பகுதியை வாசித்திருந்தேன். அமெரிக்கர் ஒருவர் அந்தச் சொனாட்டாக்களைக் காலவரிசைப்படுத்திப் புது இலக்கம் கொடுத்திருக்கிறாராம். தன் பெயரின் முதலெழுத்தான கே என்பதை இலக்கத்துக்கு முன்னால் போடுகிறாராம். காலவரிசை என்ற சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகத்தில் காணிப் பகுதிக் கிளார்க் நான்; வாவி பெருகிய நாளையும் முகத்துவாரம் வெட்டிய நாளையும் கொப்பியில் எழுதி வைக்கிறவன். கொழும்பில் இருந்த நண்பருக்குக் கடிதம் எழுதும்போது எல் என்ற எழுத்தை விட்டுவிட்டு, கே போட்டேன். அவர் ஒரு நூலகத்தில் இருந்து கையால் பிரதி பண்ணி அனுப்பினார். தங்கை அதை ஐந்து மாதம் பழகினாள். ரீச்சர் அந்தச் சொனாட்டாவை முன்பு கேட்டவரில்லை.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்க, கட்டுரையின் இரண்டாம் பகுதி நூலகத்துக்கு வந்தது. அமெரிக்கருக்கு முன்பே ஓர் இத்தாலியர் இந்தச் சொனாட்டாக்களுக்கெல்லாம் இலக்கம் போட்டுப் பதிப்பித்திருந்தார். காலம் பார்க்காமல், சுருதியைப் பார்த்துத் தொகுதி தொகுதியாக அடுக்கியவர். அவருடைய பெயரின் முதலெழுத்து எல். இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணையும் இருந்தது. எங்கள் இலக்கத்தை அதில் மூன்று தரம் தேடினேன். எல் வரிசையில் ஒரு சொனாட்டா, கே வரிசையில் முற்றிலும் வேறொன்று.

அன்று பின்னேரம் ரீச்சர் வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே தங்கை தடங்கலே இல்லாமல் வாசித்து முடித்தாள். ரீச்சர் கைதட்டினார். அங்கே வைத்துச் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கல்லடிப் பாலத்தில் பாதித் தூரம் வந்த பிறகு அவளே கேட்டாள்.

"இண்டைக்கு ஒரு பிழையும் விடல்ல. கேட்டீங்களா அண்ணா?"

"கேட்டன்."

"மறுகா ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

சொன்னேன். பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் அஞ்சு மாசமா அடிச்சது?"

"அது வேற சொனாட்டா."

"அவங்கட பட்டியல்ல இல்லாததா?"

"ஓம்."

அவள் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்துபோனாள். அதன் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் தபால் கந்தோர் திறந்ததும், எல் இலக்கத்துச் சொனாட்டாவைக் கேட்டுக் கொழும்புக்குத் தந்தி அடித்துவிட்டு ரீச்சரிடம் போனேன். தங்கை எனக்கு முன்பே அங்கே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"அஞ்ஞூறு புள்ள பெத்த மனிசன், ஒண்டுக்காவது பேர் வெச்சானா?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க கச்சேரியில காணிக்கு நம்பர் போடுறதும் இப்பிடித்தானா? ஆர்ர வளவ ஆருக்கு எழுதி வெச்சிருக்கீங்களோ!"

பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"தெரிஞ்சத வாசி மகள். பரீட்சைக்கு வாற தொரையிட்ட நான் சொல்லிப் பாக்கிறன்."

"கெஞ்சிப் பாஸ் பண்ண எனக்கு ஏலாது ரீச்சர்," என்றாள் தங்கை.

பிரதி வந்தபோது ஆறு நாள்தான் மிச்சம். உறையை நான் பிரிக்கப் போக, அவள் அதை என் கையில் இருந்து பறித்தாள். நான் நூலகத்தில் எழுதி வந்திருந்த அட்டவணையையும் வாங்கி, இலக்கத்தைத் தானே ஒப்பிட்டுப் பார்த்தாள். சரியானதுதான். புதியது நீளம் குறைவு. ஆனால் இடது கை வலது கையைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். காலையில் ரீச்சர் வீட்டுக்குப் போனால் பொழுது படும்போதுதான் வீடு திரும்புவாள். நாலாம் நாள் ரீச்சர் என்னை வாசலில் மறித்தார். "ரெண்டாம் பாதி இன்னும் விழுகுது. எத வாசிக்கப் போறாய் எண்டு கேட்டா, பியானோக் கதிரையில இருந்த பிறகு பாப்பம் எண்டு சொல்றாள்."

பரீட்சையன்று கொன்வென்ட் முற்றத்து வேப்பமரத்தடியில் நானும் ரீச்சரும் நின்றோம். மண்டபத்து யன்னல்கள் திறந்திருந்தன. முதலில் சுரவரிசைகள், பிறகு வேறு இரண்டு உருப்படிகள். அடுத்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அந்த ஐந்து மாதச் சொனாட்டாவின் முதல் சுரம் மனப்பாடம். அது வரக்கூடாது என்றும் வந்தால் நல்லது என்றும் ஒரே மூச்சில் நினைத்தேன்.

வந்தது புதியது. முதற்பாதி சுத்தமாகப் போனது. இரண்டாம் பாதியில், கை தாண்டும் இடத்தில், நின்றுவிட்டது. ரீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்தார். உள்ளே பரீட்சகரின் குரல் ஏதோ சொன்னது. தங்கை இரண்டாம் பாதியைத் தொடக்கத்தில் இருந்து, முன்னிலும் மெதுவாக எடுத்து, கடைசிவரை வாசித்தாள். வெளியே வந்ததும் ரீச்சரின் தோளில் முகத்தை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

முடிவு வர ஆறு கிழமை ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை நான் கச்சேரியில் இருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது அவள் கடிதத்தோடு படியில் நின்றாள். கையில் தந்தாள். சொனாட்டாவுக்குக் குறைந்த புள்ளிதான். அதற்கு நேரே, தடுமாறி மீண்டார் என்று இரண்டே சொற்கள். கீழே முடிவு, சித்தி. தேறிவிட்டாள்.

நான் தாளை மறுபடியும் மேலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

"வாசிச்சது காணும்," என்று தாளைத் திருப்பி வாங்கினாள். "நாளைக்குக் கடைக்கு வாங்க அண்ணா. கொன்வென்டுக்குக் கட்ட வெள்ளச் சாரி ரெண்டு எடுக்கோணும்."