எழுபத்தைந்து மார்க் கோபுரம்

1. முதல் சனிக்கிழமை

வகுப்பின் முதல் நாள் நான் என் நான்கு வயது மகனையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அவனை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் மாடி ஹால். மின்விசிறி மூன்று, ஓடுவது ஒன்று. அரசுப் பள்ளிகளில் கணக்கில் வேகமாக இருக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமைதோறும் பாடப்புத்தகத்துக்கு வெளியே சொல்லிக்கொடுக்க ஒரு அறக்கட்டளை நடத்திய வகுப்பு அது. பதினெட்டுப் பிள்ளைகள். நான் மட்டும்தான் டீச்சர்.

இப்போது நம் சென்டருக்குக் கீழ்த்தளத்திலேயே அறை இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்த மாடி ஹாலைத்தான் பிடிக்கும். தெருவில் சாமி புறப்பாடு வந்தால் நாதஸ்வரச் சத்தத்தில் என் குரல் கேட்காது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவிடுவார்கள். பத்து நிமிடம் வகுப்பு நிற்கும். சாமி திருப்பம் தாண்டியதும் அவர்களே வந்து உட்கார்ந்து, விட்ட இடத்தில் தொடங்குவார்கள். அதற்காக நான் யாரையும் ஒருமுறைகூட அதட்டியதில்லை.

வகுப்பு எப்போதும் 'நூறு ஷீட்'டில் தொடங்கும். ஒரு தாளில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. கூட்டல், பெருக்கல் எல்லாம் கலந்து வரும். ஒவ்வொரு வாரமும் புதுத் தாள். பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். முதல் வாரமே ஒரு பெண் ஐந்து நிமிடத்தில் பேனாவை மூடினாள். நூற்றுக்கு நூறு. ஆறாம் வகுப்பு, பெயர் யாமினி. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். அவள் அம்மா செல்வி, தறியில் மாட்டும் அட்டைகளுக்கு டிசைன்படி ஓட்டை போடும் கடையில் வேலை செய்தார்.

2. உதவி மிஸ்

வேகமாக முடிக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் படித்த பள்ளியில் செய்ததையே செய்தேன். கையில் சிவப்புப் பேனா கொடுத்து, "மத்தவங்க ஷீட்டைத் திருத்துமா" என்றேன். பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். எனக்கும் வசதியாக இருந்தது. மகன் ஒரு பக்கம் சாக்பீஸைக் கடித்துக்கொண்டிருப்பான், பதினெட்டுத் தாளைத் திருத்த எனக்குக் கை போதாது.

பிள்ளைகள் அவளை 'உதவி மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"உதவி மிஸ், ஒரு மார்க்கு போட்டு வுடேன். எங்கம்மா கேப்பாங்க."

"தப்புன்னா தப்புதான். போடா."

நான் சிரித்துக்கொண்டேன். மூன்று மாதம் இப்படியே போனது. திருத்தி முடித்தால் மெதுவாகப் போடும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அனுப்பினேன். யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று மாதத்தில் அவளுக்கென்று ஒரு புதுக் கணக்குகூட நான் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அவள் எழுபத்தைந்து எடுத்தாள். அடுத்த வாரமும் எழுபத்தைந்து. வேலை அதிகமாகிவிட்டதோ என்று சிவப்புப் பேனாவை வாங்கி ஏழாம் வகுப்பு தினேஷிடம் கொடுத்தேன். மூன்றாம் வாரமும் எழுபத்தைந்துதான்.

அவள் ஷீட்டை நானே திருத்தினேன். விடைகள் எழுதிய அட்டைப் பட்டையை ஒவ்வொரு வரிசையின் மேலும் வைத்து, தப்புக்கு வட்டம் போட்டு, அடுத்த வரிசைக்கு நகர்த்துவேன். முதல் ஐந்து வரிசையில் தப்பே இருக்காது. ஆறாவதிலிருந்து தொடங்கும். கீழே போகப் போக அதிகமாகும். கடைசி வரிசையில் ஒன்றுதான் சரியாக இருக்கும். களைத்துப்போகிறாள் என்று முடிவு செய்தேன்.

ஒன்பது வாரம் அப்படியே. அந்தச் சமயத்தில்தான் சென்னையில் நடக்கும் பத்து நாள் கோடைக் கணித முகாமுக்குப் பெயர் கேட்டார்கள். ஒரு சென்டருக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு டீச்சர். பெரிய கல்லூரிப் பேராசிரியர்கள் வந்து சொல்லித்தருவார்கள். தினேஷ் பெயரையும் இன்னொரு பெண் பெயரையும் எழுதினேன். யாமினி பெயருக்கு நேரே, 'தொடக்கத்தில் நன்றாகச் செய்தாள். நீண்ட நேரம் கவனம் செலுத்த இயலவில்லை' என்று எழுதி, வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு நான்கு முறை எடுத்துப் படித்தேன். ஒரு குழந்தையைப் பற்றி இப்படி எழுத நான் யார் என்று தோன்றியது. ஆனால் ஷீட்டில் இருப்பதைத்தானே எழுதினோம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

3. ஞாயிற்றுக்கிழமை காலை

என் கணவருக்குப் புடவை டிசைன் வேலை. கடைக்காரர்கள் கேட்கும் பார்டரைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பார், அதற்கு 'கிராஃப்' என்று பேர். ஞாயிறு காலை இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். ஃபைலில் வைப்பதற்காக மேஜையில் எடுத்து வைத்திருந்த யாமினியின் ஷீட்டுகளை அவர் பார்த்திருக்கிறார்.

"கவிதா, இந்த கிராஃப் யார் போட்டது?"

"கிராஃப் இல்லங்க. கணக்கு ஷீட்டு. ஒரு பொண்ணு தப்பு தப்பா போட்டுக்கினு வருது."

"இது தப்பா? இங்க வந்து பாரு."

சட்னிக் கையோடு போனேன். அவர் ஒரு ஷீட்டைத் தள்ளிப் பிடித்துக் காட்டினார். என் சிவப்பு வட்டங்கள் மட்டும் தெரிந்தன. ஆறாவது வரிசையில் ஒன்று. அதன் கீழ் மூன்று. பிறகு ஐந்து, ஏழு, ஒன்பது. படிப்படியாக ஏறும் கோபுரம். ஒன்பது ஷீட்டையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒரு கட்டம் இடைவெளி விட்டு ஒன்பது கோபுரம், புடவைக் கரையில் வருவதைப் போலவே நின்றது.

"வாரா வாரம் கணக்கு வேற. ஆனா தப்பு அதே கட்டத்துல வுழுது" என்றார். "இங்க பாரு, ஏழெட்டு அம்பத்தாறு சரியா போட்டுட்டு, இங்க ரெண்டும் மூணும் ஆறுன்னு போட்டுருக்குது. இந்தப் பொண்ணுக்கா கணக்கு வராது? ஏம்மா, நீ முழு ஷீட்டையும் பாக்கவே இல்லியா?"

பார்க்கவில்லை. பட்டைக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை.

அன்று மதியமே திருப்பருத்திக்குன்றம் போனேன். செல்வி அக்கா வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"நல்லா கேளுங்க மிஸ். முன்னல்லாம் சனிக்கிழமைன்னா அஞ்சு மணிக்கே எழுந்து குளிக்கும். இப்ப தலை வலிக்குது, வவுத்த வலிக்குதுன்னு சொல்லிக்கினு படுத்துக்குது. நோட்டு திருத்துறதுக்கா நான் ஆட்டோவுல அனுப்புறேன்?"

பையிலிருந்து ஷீட்டுகளை எடுத்தேன். யாமினி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏம்மா தப்பா போட்ட?"

"சரியா போட்டா சிவப்புப் பேனா குடுப்பீங்க மிஸ்."

"வேணாம்னு சொல்லிருக்கலாமே."

"மிஸ்கிட்ட எப்படி வேணாம்னு சொல்றது?"

"சரி, இந்தக் கோபுரம் எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதைக்கூடவா கேட்பது என்பதுதான் இருந்தது. "தப்பு போடணும்னா எங்கனா போட்டுத்தான ஆவணும்? சும்மா போட்டா போர் அடிக்குது. அதான்."

4. ஒரு கட்டில்

முகாம் ஒருங்கிணைப்பாளர் மேடத்துக்கு அன்றே போன் செய்தேன்.

"லிஸ்ட் குளோஸ் ஆயிடுச்சும்மா. ரெண்டு பேரு சொன்னீங்க, ரெண்டு பேரு வீட்டுக்கும் சொல்லியாச்சு. யாரை லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொல்றீங்க?"

யாரையும் எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினேஷின் அம்மா புதுப் பை வாங்கிவிட்டார். தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை. ஒன்பது ஷீட்டையும் படம் எடுத்து அனுப்பினேன். கால் மணி நேரத்தில் மேடமே கூப்பிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணு வரணும்மா. ஆனா கட்டில் இல்ல. உங்க சென்டருக்கு இருக்கறது மூணு. ரெண்டு பசங்களுக்கு, ஒண்ணு உங்களுக்கு."

அந்த முகாம் வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து இரண்டு மாதமாக நான் காத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு படிப்புக்காக நான் எங்கும் போனதில்லை. பத்து நாள் மகனைப் பார்த்துக்கொள்ள என் கணவர் லீவு சொல்லியிருந்தார். பிள்ளை அழுவானே என்று ஒரு பக்கம் பயம், எப்போது போவோம் என்று ஒரு பக்கம் ஆசை.

"என் கட்டிலை அவளுக்குக் குடுத்துடுங்க மேடம். மத்த சென்டர் டீச்சருங்க பாத்துக்குவாங்க இல்ல?"

"அதெல்லாம் இருக்காங்க. நீங்க நல்லா யோசிச்சீங்களா?"

"இல்ல மேடம். யோசிச்சா மனசு மாறிடும். எழுதிக்கோங்க."

யாமினி போனாள். நான் அடுத்த வருடம் போனேன், அது வேறு கதை. அந்த வருடம் மகனோடு வீட்டில் இருந்தபோது, அவனைப் போடவைத்துப் பார்க்க ரகசியமாக எடுத்துவைத்திருந்த பெரிய பிள்ளைகளின் ஷீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். அவன் எத்தனை மார்க் எடுப்பான் என்று தெரிந்துகொள்ளும் அவசரம் எனக்குத்தான் இருந்தது. அவனுக்குச் சாக்பீஸ் போதும்.

புதிதாக வந்திருக்கும் டீச்சர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். சீக்கிரம் முடிக்கும் பிள்ளைக்கு உங்கள் வேலையைக் கொடுக்காதீர்கள். அவளுக்கான கணக்கைக் கொடுங்கள். கைவசம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. மார்க்கை எழுதுவதற்கு முன் பட்டையை எடுத்துவிட்டு முழுத் தாளையும் ஒருமுறை பாருங்கள்.

முகாமுக்குக் கிளம்பும் முன் வந்த சனிக்கிழமை, எல்லோரும் நூறு ஷீட் போட்டார்கள். யாமினியிடம் கணக்கில்லாத வெற்றுக் கட்டத் தாளைக் கொடுத்தேன்.

"இது எதுக்கு மிஸ்?"

"எனக்கு நூறு கணக்கு போட்டுக் குடு. நான் எழுதறேன்."

இரக்கமே இல்லாமல் போட்டிருந்தாள். மகனை மடியில் வைத்துக்கொண்டு எழுதி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஹாலே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அன்று சிவப்புப் பேனாவை அவளே கேட்டு வாங்கினாள். திருத்தி முடித்து, தாளைத் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏழு தப்பு மிஸ்" என்றாள். "டிசைன் ஒண்ணும் வரல."