முலாம் உரிந்த கரண்டிகள்

துடியலூருக்கு அப்பாலுள்ள எங்கள் சிறு சபையில் விருந்துப் பாத்திரங்களுக்குப் பொறுப்பாளர் விமலாராணி அம்மையார். மகளிர் விடுதிக் காப்பாளராயிருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கரண்டியையும் முதலில் முகர்ந்து, பிறகே கண்ணால் பார்ப்பார். பிறர் கழுவிய பாத்திரத்தில் அவருக்குப் பெரும்பாலும் மீன்வாடையே எட்டும். உடனே முகம் சுளித்து, அதை மீண்டும் தொட்டியிலேயே போட்டுவிடுவார்.

அவர் காத்துவந்த பரிமாறும் கரண்டிகள் கெட்டி வெள்ளியல்ல. பித்தளையின்மேல் வெள்ளி முலாம் பூசியவை. இவ்வேறுபாட்டை ஒருவரும் மதிக்காததே அவருடைய தீராத எரிச்சல். கெட்டி வெள்ளியைத் தேய்த்தால் உள்ளேயும் வெள்ளி. முலாமைத் தேய்த்தாலோ பித்தளை பல்லிளிக்கும். ஆகையால் விருந்து முடிந்த கையோடு வெந்நீரில் சிறிது சோப்பு கரைத்து அலசுவார். பழைய மல் துணியால் ஈரம் ஒற்றித் தனித்தனித் துணிப்பையில் இடுவார். கறுத்தால் மட்டும் மெல்லிய விபூதிபோல் அரைத்த சுண்ணப் பொடியால் விரல் நோகாமல் துடைப்பார்.

இவ்வாண்டு ஈஸ்டர் காலையில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆராதனைக்குப் பின் ஆப்பமும் முட்டைக் குழம்பும். விருந்துக்குழுச் செயலர் லியோ, பண்டிகையாயிற்றே என்று முலாம் கரண்டிகளையே குழம்பில் போட்டார். முட்டை பட்ட வெள்ளி கரியாயிற்று. அஞ்சிப்போனவர், பித்தளைக் குடத்தைத் துலக்குவதுபோல் புளியும் கம்பிநாரும் கொண்டு தேய்த்துத் தள்ளினார்.

காய்ச்சல் விட்டு வந்த அம்மையார் பையைத் திறந்தார்.

“ஏனுங்க வார்டனம்மா, பளபளன்னு தேச்சுப்போட்டனுங்க!” என்றார் லியோ.

“தேச்சியா? தோலையே உரிச்சு வெச்சிருக்கறயே கண்ணு! சொறிபுடிச்ச நாயாட்ட இருக்குது. தூ!”

“கொஞ்சம் மஞ்சளாத் தெரியுதுங்க. தங்கமாட்டத்தானுங்க இருக்குது!”

அடுத்த ஞாயிறு சபையின் ஆண்டுவிழா, பேராயர் வருகிறார். தயிர்ப் பச்சடிக்கும் மாங்காய் ஊறுகாய்க்கும் அதே கரண்டிகளை வைக்க வேண்டுமென்று லியோ பிடிவாதம் பிடித்தார்.

“புளிப்புப் பட்டா பித்தளை களிம்பு கக்கும். வர்றவங்க வவுறு என்னாகும்?”

“பேராயர் முன்னால எவர்சில்வர வெக்கறதுங்களா? அசிங்கமுங்க!”

குழுவும் லியோவின் பக்கமே சாய்ந்தது. விழாவுக்கு முந்தைய நாள் காலை அம்மையார் ஒரு கிண்ணத்தில் பச்சடி கலந்து, உரிந்த கரண்டியொன்றை அதில் ஊன்றி, பந்தற்காரர்கள் வந்துபோகும் கூடத்து மேசைமேலேயே வைத்தார். மாலையில் குழு கூடியதும் கரண்டியைத் தூக்கினார். மஞ்சள் தெரிந்த இடத்தைச் சுற்றித் தயிரில் பச்சைத் திட்டுகள் படர்ந்திருந்தன.

“பேராயருக்கு வெக்கறதுக்கு முன்னால செயலர் ருசி பாக்கோணுமல்ல? வா கண்ணு.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் லியோவால் மறுக்க முடியவில்லை. நுனிநாக்கில் ஒரு துளி வைத்தார். மறுகணம் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். கொப்பளிக்கும் ஓசை கூடம்வரை கேட்டது. அம்மையார் கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, விரல்களை இருமுறை சோப்பிட்டுக் கழுவினார்.

“எவர்சில்வரே இருக்கட்டுமுங்க,” என்றார் திரும்பி வந்த லியோ, கைக்குட்டையால் நாக்கைத் துடைத்தபடி.

மறுநாள் பந்தியில் பேராயர் கரண்டியைக் கவனிக்கவேயில்லை. பச்சடியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். லியோ தம் இலையில் பச்சடி விழாதபடி கையை விரித்து மறைத்துக்கொண்டார்.