வீடியோவில் அளந்த கதிரையும் நான் எழுதிய பொய்யும்

போன மாசியில் ஒரு புதன்கிழமை, மன்னார் நகரிலிருந்து விடத்தல்தீவுக்குப் போனேன். சுற்றிப்பார்க்க அல்ல. என் எழுத்தை நம்பிய ஒருவரைப் பார்க்க.

முதுகெலும்பில் அடிபட்டு ஏழு வருடங்களாக நான் சக்கர நாற்காலியில், எங்கள் ஊர்ப் பேச்சில் கதிரையில், இருக்கிறேன். கொழும்பிலுள்ள ஒரு நிலையம் வீடியோவில் பார்த்து அளவெடுத்து, எனக்குப் புதிய நாற்காலி அனுப்பியது. இருக்கை அகலம் கூடிவிட்டது. ஒரு பக்கமாகச் சரிந்தேன். ஆனால் "திருப்தியா?" என்று அவர்கள் கேட்டபோது, இலவசமாகத் தந்தவர்களிடம் குறை சொல்ல வாய் வரவில்லை. "நல்ல திருப்தி" என்றேன். இந்த வலைப்பதிவிலும் அப்படியே எழுதினேன். அதை வாசித்துத்தான், என்னைப்போல் நாற்காலியில் இருக்கும் விடத்தல்தீவு றெஜினா அக்கா அந்த நிலையத்தில் பதிந்தார். அவர்கள் அனுப்பிய நாற்காலியில் இருந்து மூன்று மாதத்தில் உடம்பு புண்ணாகிவிட்டதாக அவருடைய மகள் எனக்கு எழுதினாள்.

காலை 7.40க்கு, வழக்கமாக என்னை ஏற்றிச்செல்லும் நிக்சனின் ஓட்டோவில் புறப்பட்டேன். ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். காத்திருந்து திரும்பிவர ஆறாயிரம் ரூபாய். வீதி நல்லது. கடைசி நூறு மீற்றர்தான் மணல். நாற்காலிச் சில்லு புதைய, நிக்சன் என்னைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்.

அக்கா கட்டிலில் குப்புறப் படுத்தபடி கிழிந்த மீன்வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார்.

"எழும்பேலாது தம்பி, குறை நினையாதேங்கோ."

எனக்குத் தலை நிமிரவில்லை. "அக்கா, என்ரை கதிரையும் சரிஞ்சதுதான். நான் பொய் எழுதினனான்."

ஊசி நின்றது. "தெரிஞ்சுகொண்டோ எழுதினனீங்கள்?"

"ஓம்."

அக்கா ஊசியை வலையில் குத்தி வைத்தார். "என்னட்டையும் கேட்டவை. நானும் திருப்தி எண்டுதான் சொன்னனான். நீங்கள் நல்லமெண்டு எழுதியிருக்கேக்கை, பிழை என்ரை உடம்பிலை எண்டு நினைச்சன்."

அங்கிருந்தே நிலையத்துக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். முதலில் நான் என் சரிவைக் காட்டினேன். பிறகு மகள் அக்காவின் நாற்காலியையும் வாசல் மணலையும் காட்டினாள். "இதை ஏன் முதல்லயே சொல்லல்ல?" என்று கேட்டார் நிலையத்துப் பெண். அப்போதே மறுபடி அளவு கொடுத்தோம். இப்போது அக்காவுக்கு அளவான இருக்கையும் மெத்தையும் வந்துவிட்டன. புண் ஆறும்வரை அவர் அதில் ஏற முடியாது.

வீடியோவில் அளவு கொடுப்பவர்களுக்கு: வீடியோ நல்லதுதான், கொழும்புக்குப் பயணம் செய்யும் வலி இல்லை. ஆனால் நாற்காலி வந்ததும் ஐந்து நிமிடம் இருந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் இருங்கள். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் காட்டுங்கள். வீட்டு வாசலையும் காட்டுங்கள். சரிந்தால் சரிகிறேன் என்று சொல்லுங்கள். விடத்தல்தீவுக்குப் போவதானால், மணலில் இழுக்க ஓர் ஆள் துணை வேண்டும்.

அன்று புறப்படும்போது, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

"முதலிலை புண் ஆறட்டும் தம்பி," என்றார். "பிறகு பாப்பம்."